கை வைக்காத ஃபைல் 'சேவ் செய்யவா?' என்று கேட்டால்: டிடிபி வேலைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஃபைலைத் திறக்கிறீர்கள். ஒரு எழுத்துகூடத் தட்டவில்லை. ஆனால் டைட்டில் பாரில் ஃபைல் பெயருக்கு முன்னால் நட்சத்திரக் குறி வந்து உட்கார்ந்துவிடுகிறது. மூடப் போனால் 'மாற்றங்களைச் சேமிக்கவா?' என்று கேட்கிறது. வேலூர் டிடிபி சென்டர்களில் (கணினியில் அச்சுக்குப் பக்கம் அமைக்கும் இடங்களில்) புதிதாகச் சேருகிறவர்கள் பெரும்பாலும் இங்கே யோசிக்காமல் 'எஸ்' அடித்துவிடுகிறார்கள். அடுத்த நாள் அச்சுக்கான பிளேட் போட்ட பிறகுதான் தெரியும், கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் அடுத்த வரிக்கு இறங்கியிருப்பது.

நீங்கள் எதையும் மாற்றாவிட்டாலும், மென்பொருள் தன் பங்குக்கு ஏதோ ஒன்றை மாற்றியிருக்கிறது. அது வெறும் தேதியாக இருக்கலாம், அச்சு அமைப்பாக இருக்கலாம், வரிகள் இடம் மாறியதாகவும் இருக்கலாம். முதல் இரண்டால் நஷ்டம் இல்லை. மூன்றாவது, வாடிக்கையாளர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரிப் பிரதியை, அதாவது ப்ரூஃபையே செல்லாததாக்கிவிடும். எது நடந்தது என்று தெரியும்வரை சேவ் செய்யக் கூடாது. கீழே உள்ள வரிசை முழுக்க அதற்காகத்தான்.

இதில் பெரும்பகுதி அடோபி இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளைப் பற்றியது. பேஜ்மேக்கர், கோரல்ட்ரா, வேர்டு, லிப்ரே ஆபிஸ் ஆகியவற்றுக்குக் கடைசியில் தனிப் பகுதி இருக்கிறது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

வாடிக்கையாளர் சரி என்று சொன்ன ப்ரூஃபின் பிடிஎஃப் அல்லது கையெழுத்திட்ட பிரிண்ட். அந்த ஃபைலுக்கான படங்களும் ஃபான்ட்களும் இருக்கும் ஃபோல்டர். முதலில் எந்த சிஸ்டத்தில், எந்தப் பதிப்பில் அந்த ஃபைல் செய்யப்பட்டது என்ற தகவல்.

இதில் ப்ரூஃப் இல்லாமல் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீர்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று இல்லையென்றால் எது மாறியது என்பதைக் கண்டுபிடிக்க வழி கிடையாது. பழைய வாட்ஸ்அப் செய்தியில் அனுப்பிய பிடிஎஃப் இருந்தாலும் போதும், தேடி எடுத்து வையுங்கள்.

1. நகல் எடுத்து, நகலைத் திறங்கள்

ஃபைலை மட்டும் நகல் எடுத்தால் போதாது. படங்கள், ஃபான்ட் உள்ள முழு ஃபோல்டரையும் நகல் எடுத்து, உங்கள் சிஸ்டத்தின் ஹார்டு டிஸ்கில் வையுங்கள். அசல் ஃபோல்டருக்கு 'தொடாதே' என்று பெயர் மாற்றிவிடலாம், தவறில்லை.

காரணம் இதுதான்: சோதனை செய்யும்போது ஒரு சமயம் இல்லாவிட்டால் இன்னொரு சமயம் விரல் பழக்கத்தில் கன்ட்ரோல் எஸ் அடிக்கும். அசலில் அது நடந்தால் திரும்பப் போக இடமில்லை.

பென்டிரைவிலிருந்தே நேராகத் திறந்து வேலை செய்வதை இதோடு நிறுத்திவிடுங்கள். குடியாத்தத்திலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் ஆட்கள் பென்டிரைவைக் கொண்டுவந்து நீட்டி, 'அப்படியே ஓப்பன் பண்ணி ஒரு பிரிண்ட் கொடுங்கண்ணா' என்பார்கள். முதலில் காப்பி, அப்புறம் ஓப்பன். பென்டிரைவ் ஏன் தொல்லை என்பதை லிங்க் பகுதியில் சொல்கிறேன்.

2. நட்சத்திரம் எப்போது வருகிறது என்று பாருங்கள்

நகலைத் திறந்துவிட்டு மவுஸிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். பக்கத்தைக்கூட நகர்த்தாதீர்கள்.

திறந்தவுடனே நட்சத்திரம் இருந்தால், காரணம் திறக்கும் நேரத்தில் நடப்பது: பதிப்பு மாற்றம், ஃபான்ட், அகராதி, லிங்க் (பக்கத்தில் வைத்த படத்துக்கும் டிஸ்கில் உள்ள பட ஃபைலுக்கும் உள்ள இணைப்பு). சில நொடிகள் கழித்து வந்தால், வரிகளை மென்பொருள் பின்னணியில் மறுபடி அடுக்கியிருக்கலாம், அல்லது ஏதாவது பிளக்இன் (மென்பொருளோடு சேர்த்துப் போடும் கூடுதல் நிரல்) வேலை செய்திருக்கலாம். பிரிண்ட் கொடுத்த பிறகோ பிடிஎஃப் எடுத்த பிறகோ வந்தால் பெரும்பாலும் பயமில்லை, அச்சு அமைப்புகள் ஃபைலுக்குள் பதிவாகியிருக்கும். எங்கேயோ கிளிக் செய்த பிறகு வந்தால் காரணம் நீங்கள்தான், அதற்கு 4ஆம் படி.

இப்போது சேவ் செய்யாமல் மூடி, மீண்டும் திறங்கள். அதே கட்டத்தில் திரும்பவும் வருகிறதா? வந்தால் காரணம் ஃபைலிலோ சிஸ்டத்திலோ நிரந்தரமாக இருக்கிறது. வராவிட்டால் முதல் தடவை கை ஏதோ செய்திருக்கிறது. இந்த ஒரு சோதனையிலேயே தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

3. ஃபைல் உண்மையில் சேவ் ஆகிறதா என்று உறுதி செய்யுங்கள்

சிலருக்குப் பிரச்சினை வேறு: சேவ் கொடுத்த பிறகும் நட்சத்திரம் போவதில்லை. அப்போது நகலில் ஒருமுறை சேவ் கொடுத்துவிட்டு, விண்டோஸ் எக்ஸ்புளோரரில் அந்த ஃபைலின் 'டேட் மாடிஃபைடு' நேரத்தைப் பாருங்கள். நேரம் மாறவில்லையென்றால் சேவ் ஆகவே இல்லை. ஃபைலோ ஃபோல்டரோ ரீட் ஒன்லியாக இருக்கிறதா, டிஸ்கில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஃபைலுக்குப் பக்கத்தில் ஐடிஎல்கே என்று முடியும் சின்ன ஃபைல் ஒன்று இருக்கிறதா என்றும் பாருங்கள். இன்டிசைன் ஒரு ஃபைலைத் திறந்திருக்கும்போது போடும் பூட்டு அது. கரண்ட் போய் சிஸ்டம் அணைந்தால் அந்தப் பூட்டு அப்படியே தங்கிவிடும். நெட்வொர்க்கில் வேறு யாரும் அந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கவில்லை என்று பக்கத்து சிஸ்டத்தில் கேட்டு உறுதி செய்துகொண்டு, இன்டிசைனை மூடிவிட்டு, அந்தப் பூட்டு ஃபைலை மட்டும் அழியுங்கள்.

4. அன்டூ மெனுவைப் படியுங்கள்

எடிட் மெனுவைத் திறந்தால் முதல் வரியில் 'அன்டூ' இருக்கும். கடைசியாக என்ன நடந்தது என்பது அதற்குப் பக்கத்திலேயே எழுதியிருக்கும்.

நட்சத்திரம் இருக்கிறது, ஆனால் அன்டூ மங்கலாக, அழுத்த முடியாமல் இருக்கிறது என்றால், மாற்றத்தை உங்கள் கை செய்யவில்லை. நேராக 5ஆம் படிக்குப் போகலாம். அன்டூவில் ஏதாவது செயலின் பெயர் இருந்தால், அதை அழுத்தி என்ன திரும்புகிறது என்று பாருங்கள்.

புதியவர்களிடம் அடிக்கடி பார்ப்பது இது: எந்த எழுத்தையும் செலக்ட் செய்யாமல் மேலே ஃபான்ட் பெட்டியில் வேறு ஃபான்டைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். பக்கத்தில் ஒன்றும் மாறியதாகத் தெரியாது. ஆனால் அந்த ஃபைலுக்கான இயல்பு ஃபான்ட் மாறிவிட்டது. இனிமேல் வரையும் ஒவ்வொரு புதிய பெட்டியிலும் அந்த ஃபான்ட்தான் வரும். நிறம், கோட்டின் தடிமன் ஆகியவற்றுக்கும் இதேதான். லேயர் பேனலில் கண் குறியை அணைத்து ஏற்றுவதும் மாற்றம்தான். அணைத்த லேயரை மறந்து சேவ் செய்து அச்சுக்கு அனுப்பினால் அந்த லேயர் பிரிண்டில் வராது. அச்சின் சிஎம்ஒய்கே நிறங்கள் நான்கும் சரியாக இருந்து, கோயில் கோபுரப் படம் மட்டும் காணாமல் போவது இப்படித்தான்.

5. கையெழுத்திட்ட ப்ரூஃபோடு ஒப்பிடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

நகலிலிருந்து சேவ் செய்யாமலேயே ஒரு பிடிஎஃப் எடுங்கள். அக்ரோபாட் புரோ இருந்தால் 'கம்பேர் ஃபைல்ஸ்' வசதியில் பழைய பிடிஎஃபையும் புதியதையும் கொடுத்தால் வித்தியாசத்தைக் காட்டிவிடும். ஆனால் யூனிகோடு அல்லாத பழைய தமிழ் ஃபான்டில் செய்த ஃபைலில் எழுத்துகளெல்லாம் அதற்கு ஆங்கில எழுத்தாகத்தான் தெரியும். அதனால் எழுத்து ஒப்பீட்டை நம்பாமல், படமாகப் பார்த்து ஒப்பிடுங்கள்.

அக்ரோபாட் இல்லையா? இரண்டையும் ஒரே அளவில் பட்டர் பேப்பரில் பிரிண்ட் எடுத்து, ட்யூப் லைட் வைத்த கண்ணாடி மேஜை மேல் ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். நான்கு மூலைகளிலும், தாளை வெட்டும் இடத்தைக் காட்டும் ட்ரிம் குறிகளைப் பொருத்துங்கள். மாறாத வரிகள் கறுப்பாக, ஒற்றையாகத் தெரியும். மாறிய வரியில் எழுத்துகள் இரட்டையாகத் தெரியும். அந்த வரியிலிருந்து பத்தி முடியும் வரை இரட்டிப்பு தொடர்ந்தால், அங்கே ஒரு சொல் இறங்கியிருக்கிறது என்று பொருள். திரையில் கண்ணுக்குத் தப்பும் அரை மில்லிமீட்டர் நகர்வுகூட இதில் தப்பாது.

பெட்டிகளின் கீழ் வலது மூலையையும் பாருங்கள். சிவப்புக் கூட்டல் குறி இருந்தால் எழுத்து பெட்டிக்குள் அடங்காமல் மறைந்து நிற்கிறது. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா நோட்டீஸ் மாதிரியான வேலைகளில் உபயதாரர் பெயர்கள் பெட்டி நிறைய நெருக்கமாக இருக்கும். ஒரே ஒரு வரி கூடினால் கடைசிப் பெயர் மறைந்துவிடும். உபயம் கொடுத்தவர் பெயர் இல்லாமல் நோட்டீஸ் ஊருக்குள் போனால் அது அச்சகத்தோடு முடிகிற விஷயமாக இருக்காது.

ஒப்பீட்டில் ஒரு வித்தியாசமும் இல்லையென்றால் நிம்மதி. அச்சு அமைப்பு, தேதி போன்ற தீங்கில்லாத மாற்றம்தான். அவசர வேலையாக இருந்தால் சேவ் செய்யாமல் மூடிவிட்டு, எடுத்த பிடிஎஃபை வைத்தே அச்சுக்குப் போகலாம். வித்தியாசம் இருந்தால் அடுத்த படிகளுக்குப் போங்கள்.

6. 'கன்வர்ட்டட்' என்று இருக்கிறதா?

டைட்டில் பாரில் சதுர அடைப்புக்குள் 'கன்வர்ட்டட்' என்று தெரிந்தால், பழைய பதிப்பில் செய்த ஃபைலைப் புதிய பதிப்பில் திறந்திருக்கிறீர்கள். புதிய வடிவத்துக்கு மாற்றிய ஃபைல் இன்னும் டிஸ்கில் இல்லை. அதனால் சேவ் கேட்பது நியாயம்தான்.

இங்கே சேவ் கொடுத்தால் 'சேவ் ஆஸ்' பெட்டி வரும். பழைய பெயரையே கொடுத்து 'மேலே எழுதவா' என்பதற்கும் சரி சொல்லிவிடாதீர்கள். உங்கள் சென்டரில் இன்டிசைனின் பழைய பதிப்பான சிஎஸ்6, அச்சகத்தில் அதற்குப் பிந்தைய சிசி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் அதே பெயரில் சேவ் செய்து திருப்பிக் கொடுத்தால் உங்களால் அதைத் திறக்க முடியாது. அவர்களிடம் பழைய பதிப்பிலும் திறக்கக்கூடிய ஐடிஎம்எல் வடிவத்தில் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். பெயரின் கடைசியில் பதிப்பைச் சேர்த்துப் புதுப் பெயரில் சேவ் செய்வதுதான் முறை.

7. ஃபான்ட்: ஒரே பெயர், வேறு எழுத்து

ஃபான்ட் இல்லாவிட்டால் இன்டிசைன் எச்சரிக்கும், எழுத்துகளின் மேல் இளஞ்சிவப்புப் பூச்சு தெரியும். அது சுலபம். தொல்லை கொடுப்பது இன்னொன்று: ஃபான்ட் இருக்கிறது, பெயரும் அதேதான், ஆனால் உள்ளே எழுத்துகளின் அகலம் வேறு.

தமிழ் ஃபான்ட்கள் சிடியிலும் பென்டிரைவிலும் கைமாறிக் கைமாறி வந்தவை. ஒரே பெயரில் இரண்டு மூன்று வார்ப்புகள் ஊருக்குள் சுற்றுகின்றன. ஒன்றில் 'ஸ்ரீ' சற்று அகலம், இன்னொன்றில் குறுகல். பெயர் ஒன்றாக இருப்பதால் எச்சரிக்கை எதுவும் வராது. வரிகள் மட்டும் நகரும்.

டைப் மெனுவில் 'ஃபைன்ட் ஃபான்ட்' போய், ஃபான்டைத் தேர்ந்தெடுத்து 'மோர் இன்ஃபோ' கொடுங்கள். பதிப்பு எண்ணும், ஃபைல் டிஸ்கில் இருக்கும் இடமும் தெரியும். வேலை செய்த சிஸ்டத்திலும் இதையே பார்த்து ஒப்பிடுங்கள்.

தீர்வு: வேலை செய்த சிஸ்டத்திலேயே ஃபைல் மெனுவில் 'பேக்கேஜ்' கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள். அப்போது 'டாக்குமென்ட் ஃபான்ட்ஸ்' என்ற ஃபோல்டர் உருவாகும். இன்டிசைன் ஃபைலுக்குப் பக்கத்தில் அந்த ஃபோல்டர் இருந்தால் அதிலுள்ள ஃபான்ட்களைத் தானாக எடுத்துக்கொள்ளும், சிஸ்டத்தில் ஏற்றத் தேவையில்லை. ஃபைலை மட்டும் தனியாக டெஸ்க்டாப்புக்கு இழுத்து வைத்தால் இந்த வசதி போய்விடும். முழு ஃபோல்டரையும் நகல் எடுக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

8. மொழியும் அகராதியும்

திறந்தவுடன் வரிகள் மாறுவதற்கு யாரும் சந்தேகப்படாத காரணம் இது.

யூனிகோடு அல்லாத ஃபான்டில் நீங்கள் 'அம்மா' என்று அடித்தாலும் ஃபைலுக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். பத்தியின் மொழி 'இங்கிலீஷ் யூஎஸ்ஏ' என்று இருந்தால், அந்த எழுத்துக் கலவையை ஆங்கிலச் சொல் என்று எடுத்துக்கொண்டு ஆங்கில அகராதியின்படி ஹைஃபன் போட்டு உடைக்கும். ஹன்ஸ்பெல் அகராதி ஒரு இடத்தில் உடைக்கும், ப்ராக்ஸிமிட்டி அகராதி வேறு இடத்தில் உடைக்கும். உங்கள் சிஸ்டத்தில் ஒன்றும் அச்சகத்து சிஸ்டத்தில் மற்றொன்றும் இருந்தால் வரி முடிவுகள் ஒத்துப்போகாது. சில ஃபான்ட்களில் ஹைஃபன் இருக்கும் இடத்தில் ஒரு தமிழ் எழுத்தோ குறியோ இருக்கும். வரி முடிவில் சம்பந்தமே இல்லாத எழுத்து முளைப்பது அதனால்தான்.

பாரகிராஃப் ஸ்டைலில் மொழியை 'நோ லாங்குவேஜ்' என்று வையுங்கள். 'ஹைஃபனேட்' டிக்கை எடுத்துவிடுங்கள். இரண்டையும் ஸ்டைலில் செய்யுங்கள், பத்தி பத்தியாகச் செய்யாதீர்கள். ஒரு பத்தி விட்டுப்போனாலும் நட்சத்திரம் திரும்ப வரும்.

யூனிகோடு ஃபான்ட் என்றால் கதை வேறு. சிஎஸ்6 முதல் இந்திய மொழிகளுக்கு ஆதரவு இருக்கிறது. பத்தியின் வரிகளை அடுக்கும் கம்போசர் 'வேர்ல்டு ரெடி' என்று இருக்க வேண்டும், மொழி 'தமிழ்' என்று இருக்க வேண்டும். கம்போசர் தவறாக இருந்தால் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கும். இதைப் பார்த்தவுடன் தெரிந்துகொள்ளலாம்.

அடுத்து ப்ரிஃபரன்சஸில் 'டிக்ஷனரி' பக்கம் போங்கள். 'கம்போஸ் யூசிங்' என்ற இடத்தில் 'டாக்குமென்ட்' என்று வையுங்கள். உங்கள் சிஸ்டத்தில் நீங்கள் சேர்த்து வைத்த சொற்கள் அடுத்தவர் ஃபைலின் வரிகளை மாற்றக் கூடாது என்பதற்காக. அதே பக்கத்தில் 'மெர்ஜ் யூசர் டிக்ஷனரி இன்டு டாக்குமென்ட்' என்று ஒரு டிக் இருக்கும். வெளியாட்கள் ஃபைலைத் திறந்து பிரிண்ட் கொடுக்கும் சென்டர்களில் இது கண்டிப்பாக அணைந்திருக்க வேண்டும். ஏற்றி வைத்தால் உங்கள் சொற்பட்டியல் வருகிற வாடிக்கையாளர் ஃபைல்களில் எல்லாம் போய் ஒட்டிக்கொள்ளும்.

9. லிங்க்: நேரம் தவறினால் படம் மாறியதாகக் காட்டும்

லிங்க்ஸ் பேனலைத் திறங்கள். சிவப்பு வட்டத்தில் கேள்விக்குறி என்றால் படம் கிடைக்கவில்லை. மஞ்சள் முக்கோணம் என்றால் படம் மாறியிருப்பதாக இன்டிசைன் நினைக்கிறது. திறக்கும்போது 'அப்டேட் லிங்க்ஸ்' பெட்டி வந்து, படிக்காமல் சரி கொடுத்தால் அங்கேயே மாற்றம் நடந்துவிட்டது.

படத்தை யாருமே தொடாமல் மஞ்சள் முக்கோணம் வரக் காரணம் நேரக் கணக்கு. பென்டிரைவ் பெரும்பாலும் ஃபேட்32 வடிவத்தில் இருக்கும். அது ஃபைல் மாறிய நேரத்தை 2 நொடி இடைவெளியில்தான் குறித்து வைக்கும். ஹார்டு டிஸ்கின் என்டிஎஃப்எஸ் அதைவிட மிக நுணுக்கமாகக் குறிக்கும். இங்கிருந்து அங்கே போய்த் திரும்பும்போது நேரம் சற்றே நகர்ந்துவிடும்.

பழைய சிபியூக்களில் இன்னொரு தொல்லை. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டால், ஸ்விட்சை அணைத்துப் போடும் ஒவ்வொரு முறையும் கடிகாரம் பழைய ஆண்டுக்குப் போய்விடும். அந்த சிஸ்டத்தில் படத்தைச் சரிசெய்து சேவ் செய்தால் பல வருடம் பழைய தேதி பதியும். புதிய படம் எது, பழைய படம் எது என்று கண்டுபிடிப்பதே வேலையாகிவிடும். டாஸ்க்பாரில் தேதி தவறாகத் தெரிந்தால் வேறு எதையும் பார்க்கும் முன் அந்த பேட்டரியை மாற்றுங்கள், செலவு அதிகமில்லை.

மஞ்சள் முக்கோணத்தை அப்டேட் செய்யும் முன் படத்தைத் திறந்து கண்ணால் பாருங்கள். அதே படம்தான் என்று உறுதியானால் நகலில் அப்டேட் கொடுத்து சேவ் செய்து, மூடித் திறந்து பாருங்கள். நட்சத்திரம் வரவில்லையென்றால் காரணம் அதுதான்.

10. தானாக மாறும் தேதியும் ஃபைல் பெயரும்

பில் புக், ரிப்போர்ட், காலாண்டு இதழ் ஆகியவற்றின் அடிப்பகுதியில் சிலர் 'டெக்ஸ்ட் வேரியபிள்' வைத்திருப்பார்கள். 'அவுட்புட் டேட்' என்றால் பிரிண்ட், பிடிஎஃப், பேக்கேஜ் எடுக்கும் ஒவ்வொரு முறையும் தேதி மாறும். 'ஃபைல் நேம்' என்றால் நகலுக்குப் பெயர் மாற்றியவுடன் அதுவும் மாறும். நீளமான பெயர் வைத்தால் இடமும் கூடும்.

வேலை முடிந்த ஃபைலில் இவை தேவையில்லை. டைப் மெனுவில் 'டெக்ஸ்ட் வேரியபிள்ஸ்' போய் 'கன்வர்ட் வேரியபிள் டு டெக்ஸ்ட்' கொடுத்தால் சாதாரண எழுத்தாகிவிடும். மாஸ்டர் பக்கங்களில் பார்க்க மறக்காதீர்கள்.

11. புக் ஃபைல்

மலர், பாடநூல், நீளமான ஆய்வேடு ஆகியவற்றை அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்து 'புக்' பேனலில் சேர்த்திருந்தால், ஒரு அத்தியாயத்தில் ஒரு பக்கம் கூடினாலும் பின்னால் உள்ள எல்லா ஃபைல்களின் பக்க எண்ணும் மாறும். அவை எல்லாவற்றிலும் மாற்றம் பதிவாகும். திருத்தம் முடியும்வரை 'புக் பேஜ் நம்பரிங் ஆப்ஷன்ஸ்' பெட்டியில் தானாக எண் புதுப்பிக்கும் டிக்கை எடுத்து வைத்து, கடைசியில் ஒரே தடவை எண்ணைப் புதுப்பியுங்கள்.

12. இன்னும் காரணம் தெரியவில்லையா?

முதலில் அதே நகலை வேறு சிஸ்டத்தில் திறந்து பாருங்கள். அங்கே நட்சத்திரம் வரவில்லையென்றால் குற்றம் ஃபைலில் இல்லை, உங்கள் சிஸ்டத்தில். தனியாக வாங்கிப் போட்ட பிளக்இன்களை அதன் ஃபோல்டரிலிருந்து வெளியே எடுத்து வைத்துவிட்டுத் திறங்கள். 'ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்ட்ஸ்' ஃபோல்டரில் ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். அதிலுள்ளவை இன்டிசைன் தொடங்கும்போதே ஓடும்.

அப்படியும் தீரவில்லையென்றால் ப்ரிஃபரன்சை அழிக்கலாம். இன்டிசைன் ஐகானைக் கிளிக் செய்தவுடன் கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் சேர்த்துப் பிடித்தால் அழிக்கவா என்று கேட்கும். உங்கள் அமைப்புகள் போய்விடும், அதனால் முக்கியமானவற்றை முன்னதாகக் குறித்து வையுங்கள். டிக்ஷனரி அமைப்பை 8ஆம் படியில் சொன்னபடி மறுபடி வைக்க வேண்டும். இதை முதல் படியாகச் செய்கிற பழக்கம் பலருக்கு இருக்கிறது. காரணம் ஃபைலில் இருந்தால் இதனால் ஒரு பயனும் இல்லை, அமைப்புகள் போனதுதான் மிச்சம்.

எல்லா சிஸ்டத்திலும் வருகிறது என்றால் குற்றம் ஃபைலில்தான். நகலில் பாதிப் பக்கங்களை அழித்து, வேறு பெயரில் சேவ் செய்து, மூடித் திறங்கள். நட்சத்திரம் வராவிட்டால் அழித்த பாதியில் காரணம் இருக்கிறது. வந்தால் மீதிப் பாதியில். மறுபடி பாதியாக்குங்கள். பெரிய ஃபைலாக இருந்தாலும் சீக்கிரத்தில் குறிப்பிட்ட பக்கம் அகப்படும். அந்தப் பக்கத்தில் பெரும்பாலும் வேறு எங்கிருந்தோ காப்பி பேஸ்ட் செய்த பட்டியலோ படமோ இருக்கும்.

கடைசி மருந்து ஐடிஎம்எல். ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் போய் 'இன்டிசைன் மார்க்அப்' தேர்ந்தெடுத்து சேவ் செய்து, அந்த ஃபைலைத் திறந்து புதுப் பெயரில் இன்டிசைன் ஃபைலாகச் சேமியுங்கள். உள்ளே சேர்ந்திருந்த பழைய குப்பை பெரும்பாலும் போய்விடும். ஆனால் இதில் எல்லா வரிகளும் புதிதாக அடுக்கப்படும். எனவே 5ஆம் படியின் ஒப்பீட்டை முதலிலிருந்து செய்தே ஆக வேண்டும். ப்ரூஃபே இல்லாமல் ஐடிஎம்எல் எடுப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

காரணம் தெரிந்து சரிசெய்த பிறகு, கன்ட்ரோல், ஆல்ட், சாய்கோடு மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எல்லா எழுத்தும் ஒரே தடவையில் மறுபடி அடுக்கப்படும். ப்ரூஃபோடு ஒப்பிட்டு, சேவ் செய்து, மூடித் திறங்கள். நட்சத்திரம் இல்லாமல் திறந்தால் அந்த நகல்தான் இனி அசல்.

13. மற்ற மென்பொருள்கள்

பேஜ்மேக்கர்: 7.0 வெளிவந்தது 2001இல். இன்னும் நம் பக்கத்துப் பல சென்டர்களில் கல்யாணப் பத்திரிகை அதில்தான் ஓடுகிறது. 6.5 ஃபைலை 7.0இல் திறந்தால் பெயரில்லாத புது ஃபைலாகத் திறக்கும், அதனால் மூடும்போது சேவ் கேட்கும். பக்கம் திருப்பும்போதும் பிரிண்ட் கொடுக்கும்போதும் பேஜ்மேக்கர் தானாகவே ஒரு சிறு சேவ் செய்துகொள்ளும். ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ஃபைல் மெனுவில் 'ரிவர்ட்' கொடுத்தால் அந்தச் சிறு சேவ் வரைதான் திரும்பும். ஷிஃப்ட் இல்லாமல் கொடுத்தால் நீங்கள் கடைசியாகச் சேவ் செய்த நிலைக்கே போகும். அவசரத்தில் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பேஜ்மேக்கர் ஃபைலை சிஎஸ்6 இன்டிசைனில் திறந்தால் அது 6ஆம் படியில் சொன்ன கன்வர்ட்டட் வகை.

கோரல்ட்ரா: ஃபான்ட் இல்லாமல் திறக்கும்போது மாற்று ஃபான்ட் பெட்டி வரும். அதில் 'பெர்மனென்ட்' தேர்ந்தெடுத்துச் சேவ் செய்தால் அசல் ஃபான்டின் பெயரே ஃபைலிலிருந்து போய்விடும். 'டெம்பரரி' போதும்.

வேர்டு: காட்பாடிப் பக்கம் கல்லூரி மாணவர்கள் கொண்டுவரும் புராஜெக்ட் ரிப்போர்ட்களில் தொல்லை தருவது தேதி ஃபீல்டு. இன்றைய தேதியைக் காட்டும் ஃபீல்டு திறக்கும் நாளுக்கு ஏற்ப மாறும். அதைச் செலக்ட் செய்து கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்9 அழுத்தினால் சாதாரண எழுத்தாகிவிடும். வேறு பிரிண்டர் டிரைவர் இருந்தாலும் பக்கங்கள் நகரலாம். மாணவரின் பொருளடக்கப் பக்க எண்கள் தப்பாகப் போவது அதனால்தான், எனவே அவரிடம் பிடிஎஃப் கேட்டு வாங்குங்கள். மூடும்போது கேட்பது 'நார்மல்' டெம்ப்ளேட்டைப் பற்றி என்றால் அது அந்த ஃபைலைச் சேர்ந்ததல்ல. 'நோ' கொடுக்கலாம்.

லிப்ரே ஆபிஸ்: டூல்ஸ், ஆப்ஷன்ஸ், ஜெனரல் போனால் 'பிரிண்ட் எடுத்தாலே மாற்றம் என்று கொள்' என்ற பொருளில் ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிட்டால் பிரிண்டுக்குப் பிறகு கேட்பது நிற்கும். ரைட்டர் அமைப்பில் ஃபீல்டுகளைத் தானாகப் புதுப்பிக்கும் டிக்கையும் அங்கேயே எடுக்கலாம்.

14. அச்சகத்துக்குக் கொடுக்கும்போது

திருத்தக்கூடிய இன்டிசைன் ஃபைலை மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள். அங்கே திறந்தவுடன் நட்சத்திரம் வரும், அங்கே இருப்பவர் 'எஸ்' அடிப்பார், வரிகள் எங்கே போயிற்று என்று உங்களிடம் கேட்பார்கள். ஃபான்ட்கள் உள்ளேயே பதிந்த, அச்சுக்கான பிடிஎஃப் வகையான பிடிஎஃப்/எக்ஸ் ஒன்று, பேக்கேஜ் ஃபோல்டர் ஒன்று, இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள். பிளேட் பிடிஎஃபிலிருந்துதான் போக வேண்டும், பேக்கேஜ் திருத்தம் வந்தால் மட்டும் என்று வாய்வார்த்தையாகவும் சொல்லிவிடுங்கள்.

பென்டிரைவ் கவரின் மேல் இன்டிசைன் பதிப்பு, மொத்தப் பக்கம், ப்ரூஃபில் கையெழுத்து வாங்கிய தேதி ஆகிய மூன்றையும் எழுதுங்கள். திருத்தம் வந்தால் புதுப் பெயரில் புதுப் பிடிஎஃப் கொடுத்து, பழைய பிடிஎஃபை அவர்கள் சிஸ்டத்திலிருந்து அழிக்கச் சொல்லிக் கேட்டு உறுதி செய்துகொண்டு வாருங்கள்.